கண்புரைக்கு ஒரு கூட்டணி: அரவிந்த் அணி உருவான கதை

[காட்சி: மதுரையின் ஒரு தெரு, காலை நேரம்]

புதுசா ஒரு யோசனை வந்துடுச்சு, தனியா செய்ய முடியாது. யாரைக் கூப்பிடுவோம்? பெரும்பாலும் நம்ம கூடப் படிச்சவங்க, நம்மளை மாதிரியே யோசிக்கிறவங்க. மதுரையில ஒரு கண் டாக்டர் ஆள் சேர்த்த விதம் வேற.

[காட்சி: வளைந்த விரல்கள், கையில் சிறு கருவி]

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. இளவயசுல வந்த முடக்குவாதத்துல விரலெல்லாம் கோணிப்போச்சு. அந்த விரல்களாலதான் ஆயிரக்கணக்குல கண்புரை ஆபரேஷன் பண்ணாரு. 1976ல, 58 வயசுல, அரசு வேலையிலிருந்து ஓய்வு. மத்தவங்க ஈசிசேர் வாங்குற வயசு. இவர் 11 படுக்கையோட அரவிந்த்னு ஒரு கண் ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாரு. காசு உள்ளவங்க கொடுக்கட்டும், இல்லாதவங்களுக்கு இலவசம். இதுதான் யோசனை.

கையில பெரிய முதல் கிடையாது. வீட்டை அடமானம் வைக்க வேண்டியதாச்சு. முதல் அணி? சொந்தக் குடும்பம்தான். தங்கச்சி டாக்டர் நாச்சியார், அவங்க கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, ரெண்டு பேருமே கண் டாக்டருங்க. கட்டடமும் கணக்கும் தம்பி சீனிவாசன் பொறுப்பு.

இதை அப்படியே காப்பியடிக்கக் கிளம்பிடாதீங்க. நம்ம ஊர்ல சொந்தக்காரங்களோட தொழில் ஆரம்பிச்சு, கடைசியில கல்யாண வீட்டுல கூட முகம் கொடுத்துப் பேசாத குடும்பம் எத்தனை! இங்கே பிழைச்சதுக்குக் காரணம், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி வேலை இருந்ததுன்னுதான் நான் நினைக்கிறேன். டாக்டருங்க மட்டும் போதும்னு உட்காரவும் இல்லை. நிர்வாகத்துக்கு ஐஐஎம் கொல்கத்தாவுல படிச்ச துளசிராஜ் வந்தாரு.

[காட்சி: ஆபரேஷன் தியேட்டர், அடுத்தடுத்து இரண்டு மேஜைகள்]

இப்போ இந்த அறையை நல்லாப் பாருங்க. டாக்டர் ஒருத்தர், மேஜை ரெண்டு. ஒரு மேஜையில ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேஜையில நோயாளியைப் படுக்க வச்சு, கண்ணைச் சுத்தம் பண்ணி, துணி போர்த்தித் தயார் பண்ணிடுவாங்க. முதல் ஆபரேஷன் முடிஞ்சதும் டாக்டர் மைக்ரோஸ்கோப்பை அப்படியே அந்தப் பக்கம் திருப்பிக்குவாரு. எழுந்து போய்க் காத்திருக்குற வேலையே இல்லை.

தயார் பண்றது யாரு? பிளஸ் டூ முடிச்ச கிராமத்துப் பொண்ணுங்க. ரெண்டு வருஷம் உதவித்தொகையோட பயிற்சி. பார்வை சோதிக்கிறது, கண் அழுத்தம் பார்க்குறது, ஆபரேஷன்ல கருவி எடுத்துக் கொடுக்குறது எல்லாம் இவங்கதான். டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலை எதுவோ அது மட்டும் டாக்டருக்கு. அதனால ஒரு டாக்டரால வருஷத்துக்குச் சுமார் 2000 ஆபரேஷன் பண்ண முடிஞ்சுது. ஊழியர்கள்ல பாதிக்கு மேல இந்தப் பொண்ணுங்கதான். அணின்னாலே நமக்குப் பெரிய பட்டம் வாங்கினவங்க ஞாபகம்தானே வருது?

[காட்சி: தடிமனான கண்ணாடி, பக்கத்தில் சிறிய செயற்கை லென்ஸ்]

அடுத்து ஒரு முட்டுக்கட்டை. அந்தக் காலத்துல புரையை எடுத்துட்டு சோடாபுட்டிக் கண்ணாடி ஒண்ணை மாட்டி அனுப்புவாங்க. கண்ணுக்குள்ளேயே வைக்கிற லென்ஸ் வந்தப்போ, வெளிநாட்டு விலை நூறு டாலர் வாக்குல. இலவச ஆபரேஷனுக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? நாமே செஞ்சா என்னன்னு கேள்வி வந்துச்சு. அதுக்குக் கண் டாக்டர் எத்தனை பேர் இருந்தும் பத்தாது.

தொழில்நுட்பத்தைக் கொண்டு வர உதவினவர் டேவிட் கிரீன்ங்கிற அமெரிக்கர். ஆலையை நடத்தப் பொறியாளர் பாலகிருஷ்ணன். 1992ல மதுரையில ஆரோலேப்ங்கிற அந்த லென்ஸ் ஆலை ஆரம்பமாச்சு. லென்ஸ் விலை பத்து டாலர் பக்கம் இறங்கி, அப்புறம் இன்னும் குறைஞ்சுது. இப்போ நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகுது.

[காட்சி: வெள்ளை உடை, முகக்கவசம், மைக்ரோஸ்கோப்பில் குனிந்த தலைகள்]

மில்லிமீட்டர் கணக்குல இருக்குற அந்த லென்ஸை ஒண்ணொண்ணா மைக்ரோஸ்கோப்புல வச்சு, கீறல் இருக்கான்னு பார்க்குறாங்களே, இவங்க யாரு தெரியுமா? இவங்களும் பயிற்சி எடுத்துட்டு வந்த கிராமத்துப் பொண்ணுங்கதான்.