மிரர் போட்டாயிற்று, இடம் எங்கே போனது?

வணக்கம் நேயர்களே. எல்லாருடைய படங்களும் கோப்புகளும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று நெட்வொர்க்கில் ஒரு சேமிப்புப் பெட்டி வைத்துக்கொள்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். நாஸ் என்று சுருக்கமாகச் சொல்கிறோம். அது ரெடிமேடாக வந்த பெட்டியாக இருக்கலாம், பழைய கம்ப்யூட்டரில் ட்ரூநாஸ், ஓப்பன்மீடியாவால்ட் என்று ஏதாவது ஒரு மென்பொருளைப் போட்டதாகவும் இருக்கலாம். எதுவானாலும் என்னிடம் வருகிற கேள்வி இரண்டுதான். வாங்கின அளவு ஏன் திரையில் காட்டவில்லை? இரண்டு டிஸ்க்கை மிரராகப் போட்டுவிட்டேன், இனி டேட்டா பத்திரம்தானே? இரண்டாவது கேள்விக்கு நான் திருப்பிக் கேட்பது இதுதான்: அந்த மிரர் இப்போது எப்படி இருக்கிறது என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

முதலில் இடக்கணக்கு. தயாரிப்பாளர் 4 டெராபைட் என்று ஒட்டினால் 4 லட்சம் கோடி பைட் என்று பொருள், ஆயிரம் ஆயிரமாக எண்ணிய கணக்கு. பல மென்பொருள்கள் 1024 1024-ஆக எண்ணும், அதனால் அதே டிஸ்க் 3.64 என்று தெரியும். ஒரு பைட்டும் காணாமல் போகவில்லை. மிரர் என்றால் ஒரே டேட்டா இரண்டு டிஸ்க்கிலும் அப்படியே எழுதப்படும், ஆகவே 4-ம் 4-ம் சேர்ந்தாலும் கிடைப்பது 4தான். வழக்கமான மிரரில் 4-ம் 6-ம் போட்டாலும் 4தான், மீதி 2 சும்மா கிடக்கும். 1988-இல் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ரெய்டு, அதாவது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் முறை, பற்றிய கட்டுரையை வெளியிட்டபோதே, அதில் முதல் நிலை என்று வைத்த இந்த மிரர்தான் இருப்பதிலேயே செலவு கூடிய வழி என்று எழுதிவிட்டார்கள்.

சரி, நிஜமான தடைச்சுவர்கள் வேறு. டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று குறித்துவைப்பது பிரிவு அட்டவணை. அதில் பழைய வகையான எம்பிஆர், டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டருக்கும், அதாவது ஒவ்வொரு சிறு துண்டுக்கும், 32 பிட் எண் கொடுக்கிறது. 32 பிட்டில் சுமார் 429 கோடி எண்கள்தான் உண்டு, ஒரு செக்டர் 512 பைட், பெருக்கினால் 2.2 லட்சம் கோடி பைட். அதற்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. புதிய வகையான ஜிபிடி அட்டவணை போட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் டிஸ்க்கை மாட்டுகிற பழைய யூஎஸ்பி பெட்டியோ கன்ட்ரோலரோ அதே 32 பிட்டில் எண்ணிக்கொண்டிருந்தால், 3 டெராபைட் டிஸ்க் 1024 கணக்கில் 746 ஜிபி என்று காட்டும். வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் முழுசாக ஓடி மறுபடி பூஜ்யத்துக்கு வருகிற மாதிரி, 2.2-ஐத் தாண்டிய மிச்சம் மட்டும் தெரிகிறது. 746 என்ற எண்ணைப் பார்த்ததும் டிஸ்க் பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், வேறு போர்ட்டில் மாட்டிப் பாருங்கள், அதுவரை அதில் எதையும் எழுத வேண்டாம்.

அதே 429 கோடி இன்னொரு இடத்திலும் வந்து நிற்கும். கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கி வைக்கிற ஏற்பாட்டுக்குக் கோப்பு முறை என்று பெயர். லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறையை 64 பிட் வசதி இல்லாமல் உருவாக்கியிருந்தால், அது இடத்தைப் பிரித்து எண்ணுகிற 4 கேபி பிளாக்குகளோடு 1024 கணக்கில் 16 டெராபைட்டோடு முடிந்தது. இது டிஸ்க்கின் குறை இல்லை. என்றைக்கோ ஃபார்மேட் செய்தபோது எடுத்த முடிவு, பெரிய டிஸ்க் வாங்கி விரிவாக்கப் போகிற அன்றைக்கு முன்னால் வந்து நிற்கிறது. அதனால்தான் டிஸ்க் வாங்குவதற்கு முன்பே எந்தக் கோப்பு முறை, எப்படி உருவாக்கியது என்று பார்க்கச் சொல்கிறேன்.

விரிவாக்கும்போது இன்னொரு குழப்பமும் வரும். ஒரு டிஸ்க்கை மாற்றி, பிரதி எடுத்து முடியும் வரை காத்திருந்து, அப்புறம் அடுத்ததையும் மாற்றுகிறோம். இரண்டும் 8 ஆகிவிட்டது, திரையில் இன்னும் பழைய 4-தான். காரணம், மிரருக்குத் தனியாக, அதன் மேல் இருக்கும் கோப்பு முறைக்குத் தனியாக, வளரச் சொல்ல வேண்டும். மிரரையும் கோப்பு முறையையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளும் இசட்எஃப்எஸ்ஸில் தானாக விரியும் அமைப்பு இயல்பாக அணைந்தேதான் இருக்கும், உங்களுடையதில் இயக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிரதி எடுக்க ஆகும் நேரத்தையும் யோசியுங்கள்: 8 டெராபைட்டை நொடிக்கு 200 எம்பி வேகத்தில் எழுதினால் 40,000 நொடி, அதாவது 11 மணி நேரத்துக்கு மேல், அதுவும் வேகம் குறையாமல் ஓடினால். பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் புதியதை மாட்டுகிறோம் என்றால், அந்த நேரம் முழுக்க உங்களிடம் இருப்பது ஒரே ஒரு பிரதி. பெட்டியில் இன்னொரு டிஸ்க் மாட்ட இடம் இருந்தால் புதியதை மூன்றாவதாகச் சேர்த்து, பிரதி முடிந்த பிறகு பழையதை எடுங்கள்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். மிரரில் ஒரு டிஸ்க் செத்தால் பல சமயம் சத்தமே வராது. கோப்புகள் திறக்கும், படம் ஓடும், வேகம்கூடப் பெரிதாக மாறாது. லினக்ஸ் ரெய்டின் நிலையைக் காட்டும் வரியில், ஆரோக்கியமாக இருந்தால் அடைப்புக்குள் இரண்டு ஆங்கில யூ எழுத்து இருக்கும், ஒன்று போய்விட்டால் ஒரு யூ, பக்கத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான் வித்தியாசம். யாரும் பார்க்காவிட்டால் அந்தக் கோடு மாதக்கணக்கில் அப்படியே இருக்கும், அடுத்த டிஸ்க்கும் போகிற நாள் வரை. எச்சரிக்கை மின்னஞ்சலை அமைத்தால் மட்டும் போதாது, ஒரு சோதனை அஞ்சல் அனுப்பி, அது உண்மையில் வந்து சேர்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு பிரதியும் வேறுபட்டால் சாதாரண மிரருக்கு எது சரி என்று தெரியாது. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைகள் இரண்டும் ஒவ்வொரு பிளாக்குக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால், கெட்ட பிரதியைக் கண்டுபிடித்து நல்லதிலிருந்து திருத்திக்கொள்ளும். கோப்பைத் திறக்கும்போதே இது நடக்கும், ஆனால் யாரும் திறக்காத கோப்புகளுக்கும் நடக்க, எல்லா டேட்டாவையும் படித்துச் சரிபார்க்கிற ஸ்க்ரப் ஓட வேண்டும், மாதம் ஒருமுறை ஓடும்படி வைத்துவிடுங்கள்.

ஆனால் நீங்களே கைதவறி அழித்தால் அது இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். கோப்புகளைப் பூட்டும் வைரஸ் வந்தாலும் அப்படித்தான். ஒரு நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைக்கிற ஸ்னாப்ஷாட் ஓரளவு காப்பாற்றும், ஆனால் ஸ்னாப்ஷாட் பிடித்து வைத்திருக்கும் வரை, அழித்த கோப்பின் இடம் திரும்ப வராது. எவ்வளவு அழித்தாலும் இடம் கூடவில்லையே என்று தவிப்பவர்கள் முதலில் அங்கே பாருங்கள்.

பெரிய டிஸ்க்குக்கு மாறினவர்கள் பழைய இரண்டையும் உடனே விற்றுவிட வேண்டாம். புதிய மிரரில் ஒரு முழு ஸ்க்ரப் பிழையில்லாமல் முடியட்டும். அப்புறம் பழையதில் ஒன்றைத் துடைத்து, முக்கியமான கோப்புகளை அதில் நகலெடுத்து, ஓரிரண்டைத் திறந்து பார்த்துவிட்டு, பெட்டியோடு சேர்க்காமல் வேறொரு கட்டடத்தில் கொண்டுபோய் வையுங்கள்.