கேட்ட பாட்டு, வந்த வழி

நேயர்களுக்கு வணக்கம். கோத்தகிரியில் 11 வருடங்களாக ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நடத்தி வருகிறேன். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஒரு மாடி அறையில் வகுப்பு. மழைக்காலத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிடும். வருகிறவர்களில் பாதிப் பேர் நர்சிங் முடித்த பெண்கள். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதுகிறவர்களுக்குப் பேச்சுப் பகுதியில் 7 வேண்டும். அந்த 7 பலருக்குச் சட்டென்று கிடைப்பதில்லை.

பேச்சுத் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம்தான். மூன்று பகுதி. முதலில் ஊர், வேலை, பிடித்த பாட்டு என்று சின்னச் சின்னக் கேள்விகள். அப்புறம் ஒரு கார்டு கொடுப்பார்கள். அதில் உள்ள விஷயத்தை யோசிக்க ஒரு நிமிடம், குறிப்பெழுதக் காகிதமும் பென்சிலும் உண்டு. பிறகு இரண்டு நிமிடம் வரை நீங்களே பேச வேண்டும். கடைசியில் அதே விஷயத்தைக் கொஞ்சம் ஆழமாக எடுத்துப் பேசுவார்கள். இசையும் பயணமும் அடிக்கடி வருகிற விஷயங்கள். எல்லோருக்கும் தெரிந்தவைதானே என்று தோன்றும். ஆனால் இந்த இரண்டிலும்தான் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறிப் பார்த்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் வந்தாள். அதற்கு முன் சமவெளியில் ஒரு பயிற்சி மையத்தில் படித்தவள். அங்கே அச்சடித்த பதில்கள் அடங்கிய கட்டு ஒன்றைக் கொடுத்து, அத்தனையையும் மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். தேர்வில் அவளுக்கு வந்த கார்டு, மறக்க முடியாத ஒரு பயணம். பாரீசுக்குப் போய் ஈஃபில் கோபுரம் பார்த்ததாக ஒன்றரை நிமிடம் ஒப்பித்திருக்கிறாள். முடித்ததும் தேர்வாளர் வெகு சாதாரணமாக, மறுபடி அங்கே போவாயா என்று கேட்டாராம். அவ்வளவுதான், வாய் அடைத்துவிட்டது. போகாத ஊருக்கு மறுபடி போவதைப் பற்றி அவள் என்ன சொல்வாள்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்வது நிஜமா பொய்யா என்று அங்கே யாரும் மதிப்பெண் போடுவதில்லை. தடையில்லாமல் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு, இந்த நான்குக்கும் சம மதிப்பு. ஆனால் மனப்பாடம் தனி ராகத்தில் வரும். ஒப்பிக்கும்போது ஒரு குரல், சொந்தமாகப் பேசும்போது இன்னொரு குரல். அது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தை மூடி வைக்கச் சொன்னேன். "நீ போன ஒரு பயணத்தைத் தமிழிலேயே சொல்லும்மா" என்றேன். "நான் எங்கேயுமே போனதில்லை மிஸ், மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஒரே ஒரு தடவை வந்திருக்கிறேன்" என்றாள். அப்போது அவள் ஆறாம் வகுப்பு. அப்பா கூட்டி வந்திருக்கிறார். கல்லாறு தாண்டியதும் "கடகட" என்று ஒரு சத்தம் அடியிலிருந்து வந்ததாம். தண்டவாளங்களுக்கு நடுவே பல் பல்லாக ஒரு இரும்புப் பட்டை, இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும் என்று அப்பா காட்டியிருக்கிறார். இன்ஜின் முன்னால் இல்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. ஹில்குரோவ் ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க நின்றபோது குரங்கு வந்து அப்பாவின் கையிலிருந்த வடையைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினாள். பதில் கையிலேயே இருந்தது!

அதை ஆங்கிலமாக்க உட்கார்ந்தோம். மறுநாள் அவள் எங்கிருந்தோ புள்ளிவிவரம் எழுதிக்கொண்டு வந்துவிட்டாள்: 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம், 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல். எல்லாம் சரியான கணக்குதான். ஆனால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஊட்டி வரைக்கும் 46 கிலோமீட்டர், ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். சைக்கிள் வேகம்! அதைச் சொன்னால் கேட்கிறவர் சிரிப்பார், பேச்சு நகரும். பல்சக்கரத்துக்கு ஆங்கிலத்தில் என்ன என்று தேடித் தவித்தாள். தேட வேண்டாம். "தேர் ஆர் டீத் இன் தி மிடில் ஆஃப் தி டிராக். தி இன்ஜின் பைட்ஸ் தெம் அண்ட் கிளைம்ப்ஸ்." தண்டவாளத்துக்குப் பல் இருக்கிறது, இன்ஜின் கடித்து ஏறுகிறது. பள்ளிக்கூடத்துச் சொற்கள்தான், ஆனால் அதைக் கேட்டவருக்கு அந்த ரயில் கண்ணில் தெரியும்.

இசைக்கு வருவோம். இங்கே தமிழே நமக்கு ஒரு கண்ணி வைக்கிறது. "கேட்டேன்" என்று சொல்கிறோம். பாட்டுக் கேட்டேன், சத்தம் கேட்டேன், வழி கேட்டேன், மூன்றுக்கும் ஒரே வினை. ஆங்கிலத்தில் மூன்று வினை. காதில் தானாக விழுந்தால் ஹியர். மனம் வைத்துக் கேட்டால் லிசன், கூடவே ஒரு டு. வினவினால் ஆஸ்க். "ஐ ஹியர் மியூசிக் எவ்ரி நைட்" என்றால், பக்கத்து வீட்டுக்காரர் சத்தமாகப் போடுகிறார், எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதுபோல் ஆகிவிடும்.

அடுத்தது, "ஐ யூஸ்டு டு லிசன் டு சாங்ஸ் டெய்லி." தினமும் கேட்பது வழக்கம் என்று சொல்ல நினைக்கிறோம். அந்த வாக்கியத்துக்குப் பொருள், முன்பு கேட்டேன், இப்போது விட்டுவிட்டேன் என்பது. அப்புறம் நம் "மெலடி சாங்ஸ்". மெல்லிய, மென்மையான பாட்டு என்று நமக்குள் புரியும். வெளிநாட்டுக்காரருக்கு மெலடி என்றால் மெட்டு. எல்லாப் பாட்டிலும் மெட்டு இருக்கிறதே என்று விழிப்பார். ஸ்லோ, ஸாஃப்ட் என்று சொல்லிவிடலாம். மியூசிக் என்ற சொல்லின் உச்சரிப்பையும் கவனியுங்கள். நடுவில் வருவது பாம்பு சீறும் ஒலி இல்லை, தேனீயின் ரீங்காரம். தமிழில் அதற்கு எழுத்து இல்லை. தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள், அதிர வேண்டும்.

உங்கள் பகுதியில் என்ன வாத்தியம் வாசிப்பார்கள் என்று நீலகிரியின் படகர் சமூகத்துப் பையன் ஒருவனிடம் கேட்டேன். கிட்டார் என்றான். அவன் தாத்தா காலத்தில் படகர் வீட்டுச் சாவுக்குக் கோத்தர் பழங்குடியினர் வந்து கொள் என்ற குழலை ஊதுவார்கள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆங்கிலத்தில் பெயர் கிடையாதே என்று விட்டுவிட்டான். பெயர் எதற்கு? நாதஸ்வரம் மாதிரி, ஆனால் சின்னது, ஊதினால் எதிர் மலைவரைக்கும் கேட்கும். இந்த மூன்று துண்டையும் ஆங்கிலத்தில் சொல்ல அவனிடம் போதுமான சொற்கள் இருந்தன. கோத்தகிரி என்ற ஊர்ப்பெயரே கோத்தர் மலை என்பதுதான். இந்த ஊரில் இருந்துகொண்டு கிட்டாரோடு நிறுத்தியதில் எனக்கு வருத்தம், அவனிடமே சொன்னேன்.

இன்னொருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். மூன்றாம் பகுதிக்குப் பயிற்சி செய்தோம். மக்கள் ஏன் தூர தேசம் போகிறார்கள் என்று கேட்டேன். சுற்றுலா, ஓய்வு, புதிய கலாச்சாரம் என்று எல்லோரும் சொல்வதையே சொன்னாள். உங்கள் வீட்டில் யாராவது தூரத்திலிருந்து வந்தார்களா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

அவள் பாட்டி இலங்கை மலையகத்தில் பிறந்தவர். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்படி அனுப்பப்பட்டவர்களில் அந்தக் குடும்பமும் ஒன்று. ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். கடைசியில் நீலகிரியில் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டம். 1968இல் அரசு தொடங்கிய டான்டீ, இவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் வந்தது. பாட்டி ஒரு தகரப் பெட்டியும் ஒரு செம்பும் எடுத்து வந்தாராம். செம்பு இன்னும் வீட்டில் இருக்கிறது. கப்பலில் தம்பியைத் தூங்க வைக்கப் பாடிய தாலாட்டைத்தான் இவளுக்கும் பாடியிருக்கிறார்.

இதை ஆங்கிலத்தில் சொல்ல அவள் நான்கு நாள் எடுத்துக்கொண்டாள். நான் திருத்தியது கொஞ்சம்தான். அவள் சொன்ன முதல் இரண்டு வரியை நான் தொடவே இல்லை. "மை கிராண்ட்மதர் டிட் நாட் சூஸ் டு டிராவல். டூ கவர்ன்மென்ட்ஸ் டிசைடட்." பாட்டி பயணத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, இரண்டு அரசுகள் முடிவு செய்தன. இப்போது அவள் தானாகத் தேர்ந்தெடுத்து மான்செஸ்டருக்குப் போயிருக்கிறாள்.

வீட்டில் பயிற்சி செய்கிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். முதலில் தமிழில், அம்மாவிடமோ தங்கையிடமோ சொல்லுங்கள். அவர்கள் "அப்புறம்?" என்று எந்த இடத்தில் கேட்கிறார்களோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிலின் உயிர் அங்கே இருக்கிறது. அதன் பிறகு செல்போனில் ஆங்கிலத்தில் பதிவு செய்யுங்கள். திரும்பக் கேட்கும்போது ஒன்றை மட்டும் எண்ணுங்கள். தமிழில் "வந்து", "அதாவது" என்று இழுப்பதுபோல ஆங்கிலத்தில் எத்தனை "ஆக்சுவலி", எத்தனை "மீன்ஸ்" வந்தது என்று. முதல் நாள் இருபதுகூட வரும். பயப்பட வேண்டாம். அந்த இடத்தில் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு சும்மா இருங்கள்.

சரி, இன்று இரவுக்கு ஒரு கார்டு தருகிறேன். உங்கள் வீட்டில் ஒருவர் அடிக்கடி பாடும் அல்லது முணுமுணுக்கும் ஒரு பாட்டு. யார் பாடுவார், எந்த வேலை செய்யும்போது பாடுவார், எங்கிருந்து அதைக் கற்றார், நீங்கள் முதலில் எப்போது கேட்டீர்கள். யோசிக்க ஒரு நிமிடம், பேச இரண்டு நிமிடம். மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, அடுப்படிக்குப் போய் அவரிடமே கேட்டுவிட்டு வாருங்கள். வணக்கம்.