பகடை உருட்டினால் தீவு: டேபிள்டாப் சாகசங்களுக்கு விசித்திரத் தீவுகளை உருவாக்குவது எப்படி?

[திரையில்: வெள்ளைத்தாள். ஓரத்தில் ஒரு பாய்மரக் கப்பல் மட்டும்.]

மேஜையைச் சுத்தி உட்கார்ந்து கதாபாத்திரங்களா விளையாடுற உங்க குழு, கதையில கப்பல் ஏறியாச்சு. வரைபடத்துல பேர் போட்ட துறைமுகம் எதுவும் வேண்டாமாம். "தெற்கே போவோம், என்ன வருதுன்னு பார்ப்போம்"ங்கிறாங்க. தெற்கே நீங்க ஒண்ணுமே எழுதி வைக்கல. கதையை நடத்துற கேம் மாஸ்டரா உங்களுக்கு இப்போ ஒரு தீவு வேணும். அதுவும் அரை மணி நேரத்துக்குள்ள வேணும்.

நாலே நாலு உருட்டல்ல அப்படி ஒரு தீவை எப்படிக் கொண்டுவர்றதுன்னு பார்க்கப் போறோம். ஆறு பக்கப் பகடை கொஞ்சம், தாள், பென்சில் போதும். நீங்க எந்த விதிமுறையில விளையாடினாலும் இது பொருந்தும்.

பகடை உருட்டி உலகத்தை உருவாக்குற இந்தப் பழக்கம் இந்த விளையாட்டோட கூடவே பிறந்தது. 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கிற டேபிள்டாப் சாகச விளையாட்டு முதன்முதலா வந்தப்பவே, வெட்டவெளிப் பயணத்துல எது எதிர்ப்படும்னு பகடையால முடிவு பண்ற அட்டவணைகள் அதுல இருந்துச்சு. நிலப்பரப்புக்கு, 1972-ல் வெளிவந்த அவுட்டோர் சர்வைவல்ங்கிற வேறொரு போர்டு கேமோட அறுகோணக் கட்டம் போட்ட பலகையைப் பயன்படுத்தச் சொன்னாங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விதி. ஒரு தீவுக்கு ஒரே ஒரு விசித்திரம். பல அட்டவணைகள் அள்ளி அள்ளிக் கொடுக்கும்: ஊதா வானம், பேசுற கல், ரெண்டு தலை ஆடு, மேல் நோக்கி ஓடுற ஆறு. கேட்கும்போது நல்லா இருக்கும். ஆனா விளையாடுறவங்க எதையும் பிடிச்சுக்க முடியாம "சரி, அப்புறம்?"னு கேட்டுட்டுப் போயிடுவாங்க. ஒரே ஒரு விஷயம் மட்டும் உலக வழக்கத்துக்கு மாறா இருந்து, அது தண்ணி, சாப்பாடு, தூக்கம், பயம்னு எல்லாத்தையும் தொட்டுதுன்னா, அவங்க யோசிக்க ஆரம்பிப்பாங்க. எனக்கு இந்த முறையில முக்கியமே அதுதான்.

[திரையில்: முதல் பகடை உருள்கிறது. "பிறப்பு".]

முதல் உருட்டல், தீவோட பிறப்பு. 1 வந்தா எரிமலை. 2 பவளத்தீவு. 3 பெருநிலத்துல இருந்து பிரிஞ்சு வந்த துண்டு. 4 ஏதோ ஒரு உயிரோட முதுகு. 5 வானத்துல இருந்து விழுந்தது. 6 யாரோ கட்டினது.

கடைசி மூணும் கற்பனை, அதுல உங்க இஷ்டம். முதல் மூணுல இயற்கையே உங்களுக்குப் பாதி வேலையைச் செஞ்சு வெச்சிருக்கு, அதனால அதை விடாதீங்க.

எரிமலைத் தீவு செங்குத்தா இருக்கும், மணல் பெரும்பாலும் கருப்பு. அது இளசா, கிழமான்னு முடிவு பண்ணுங்க. ஐஸ்லாந்துக்குத் தெற்கே 1963 நவம்பர்ல கடலுக்குள்ள வெடிச்சு சுர்ட்சேங்கிற தீவு மேல வந்துச்சு. 1967 வரைக்கும் எரிமலை குமுறிக்கிட்டே இருந்துச்சு. நின்ன நாள்ல இருந்து கடல் அதை அரிச்சுக்கிட்டு வருது. அதோட பரப்பு இப்போ ஏறக்குறைய பாதியாயிடுச்சு.

பவளத்தீவு எப்படி உருவாகுதுங்கிறதுக்கு 1842-ல் சார்லஸ் டார்வின் ஒரு விளக்கம் கொடுத்தார். எரிமலை மெதுவா கடல்ல அமிழும், அதைச் சுத்தி இருந்த பவளப்பாறை மேல மேல வளர்ந்துக்கிட்டே இருக்கும், கடைசியில மலை மறைஞ்சு வளையம் மட்டும் மிஞ்சும். நடுவுல காயல். தரை கடல் மட்டத்துக்குச் சில அடி மேலதான். நமக்கு இதுல பொக்கிஷம் எதுன்னா குடிதண்ணி. மழைத்தண்ணி பவள மணலுக்குள்ள இறங்கி, அடியில இருக்குற உப்புத்தண்ணி மேல மெல்லிய அடுக்கா மிதக்கும். அளவுக்கு மீறி இறைச்சா கிணறு உப்பாயிடும். ஒரு ஊரோட சண்டை முழுக்க இந்த ஒரு கிணத்துக்குள்ள இருக்கு.

பெருநிலத்துல இருந்து பிரிஞ்ச துண்டா? அப்போ மத்த இடத்துல அழிஞ்சுபோன பழைய உயிர்கள் அங்க மிச்சம் இருக்கலாம். மடகாஸ்கர் 8 கோடி வருஷத்துக்கு மேல தனியா கிடக்குற நிலம். அங்க இருக்குற விலங்குகள்ல பெரும்பாலானது வேற எங்கேயும் கிடையாது.

[திரையில்: இரண்டாம் பகடை. "தூரம்".]

ரெண்டாவது, பெருநிலத்துல இருந்து எத்தனை நாள் கப்பல் பயணம். ஒரு பகடை உருட்டுங்க. இந்த ஒரே எண் ரெண்டு வேலை செய்யும். 1967-ல் ராபர்ட் மெக்ஆர்தரும் எட்வர்ட் வில்சனும் தீவு உயிரினப் பரவல் பத்தி ஒரு கோட்பாட்டை முன்வெச்சாங்க: தீவு சின்னதாகவும் தொலைவாகவும் இருந்தா உயிரின வகை குறையும். நாம இதை அப்படியே விதியாக்கலாம். 7-ல் இருந்து பயண நாளைக் கழிச்சா, அந்தத் தீவுல முக்கியமான உயிரினங்கள் எத்தனைன்னு வந்துடும். ஒரு நாள் தூரத்துல ஆறு வகை. ஆறு நாள் தூரத்துல ஒண்ணே ஒண்ணு, அது அந்தத் தீவையே ஆளும்.

அந்த உயிரினங்களை எங்க இருந்து எடுக்குறது? உங்களுக்குத் தெரிஞ்ச சாதாரண விலங்கையே எடுங்க. பெருசா இருந்தா சுருக்குங்க, சின்னதா இருந்தா பெருக்குங்க. நிஜத் தீவுகள்லயும் பல தடவை அப்படித்தான் நடந்திருக்கு. சைப்ரஸ்லயும் சிசிலியிலயும் ஒரு காலத்துல குட்டை யானைகள் இருந்துச்சு. இந்தோனேசியாவோட ஃபுளோரஸ் தீவுல ராட்சத எலி இன்னைக்கும் இருக்கு. ஒரு யானை உங்க இடுப்பு உயரத்துக்கு நின்னா, புதுசா டிராகன் எதையும் நீங்க கண்டுபிடிக்க வேண்டியதில்ல.

மூணாவது, அந்த ஒரே விசித்திரம். இதுக்கு ஒரு பட்டியலை நீங்களே எழுதி வெச்சுக்குங்க. எழுதும்போது ஒரு சோதனை: ஒரு வீரர் அதைப் பயன்படுத்திக்க முடியுமா, இல்ல அதனால அடிபட முடியுமா? ரெண்டும் இல்லன்னா அது வெறும் அலங்காரம், அடிச்சிடுங்க. ஊதா வானம் தோத்துடும். "புதைச்ச எதுவும் விடியும்போது மேல வந்துடும்"ங்கிறது ஜெயிக்கும். "பொய் சொன்னா சொன்னவரோட நிழல் ஒரு சாண் நீளும்" ஜெயிக்கும். "இங்க நெருப்பு சுடாது, நனைக்கும்", அதுவும் ஜெயிக்கும், ஏன்னா சமைக்கிறவங்க என்ன பண்ணுவாங்கன்னு உடனே கேட்கத் தோணுது.

நாலாவது, அங்க யாரு இருக்காங்க. கரை ஒதுங்கினவங்க, நாடு கடத்தப்பட்டவங்க, துறவிகள், ஏமாந்து வந்த வியாபாரிகள், எப்பவுமே அங்கேயே இருந்தவங்க, யாருமே இல்ல. இவ்வளவுதான்.

[திரையில்: நான்கு பகடைகள் வரிசையாக. 2, 5, 1, 2.]

இப்போ ஒரு தீவை முழுசா உருட்டிப் பார்ப்போம். பிறப்பு 2, பவளத்தீவு. தூரம் 5 நாள், அப்போ உயிரினம் ரெண்டு வகை. நண்டையும் மானையும் எடுத்துக்கலாம். நண்டு பெருசாகும், மான் பூனை அளவுக்குச் சுருங்கும். விசித்திரம், பட்டியல்ல முதல் வரி: "ஒலி அரை நாள் தாமதமாத்தான் காதுல விழும்." ஜனங்க, நாடு கடத்தப்பட்டவங்க.

இந்த இடத்துல நிறைய பேர் "இது எதுவும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டலையே"ன்னு மறுபடி உருட்டிடுறாங்க. தயவுசெஞ்சு உருட்டாதீங்க. ஒட்டாம இருக்குற அந்த இடைவெளியிலதான் கதை கிடக்கு. அதுக்குப் பதிலா நாலு கேள்வி கேளுங்க. இங்க தண்ணி எப்படி எடுப்பாங்க? எப்படித் தூங்குவாங்க? திருடன் எப்படித் திருடுவான்? குழந்தைக்கு முதல்ல என்ன சொல்லித் தருவாங்க?

தண்ணி: ஒரே ஒரு நல்ல கிணறு, ஆளுக்கு இவ்வளவுன்னு அளவு. திருடன்: நள்ளிரவுல சத்தமே இல்லாம தண்ணி இறைச்சுட்டுப் போயிடலாம், ஆனா மறுநாள் நண்பகல்ல, ஊரே கூடியிருக்கும்போது, ராட்டினம் கிறீச்சிடுற சத்தம் கிணத்தடியில கேட்கும். அதனால இங்க வழக்கு விசாரணை நண்பகல்லதான் நடக்கும். தூக்கம்: பகல்ல ஊர் போட்ட இரைச்சல் முழுக்க ராத்திரியிலதான் வரும், அதனால வீடுகள் எல்லாம் வளையத்தோட ஒரு கோடியில, வேலை நடக்குற இடம் எதிர்க் கோடியில. குழந்தைக்கு முதல்ல சொல்லித் தர்றது சைகை மொழி. அடுத்தது, முதுகைச் சுவரோட ஒட்டி உட்காரப் பழக்குறது. ஏன்னா அந்தப் பெரிய நண்டு வர்ற சத்தம் அது வந்துபோய் அரை நாள் கழிச்சுத்தான் கேட்கும்.

இப்போ உங்க குழு விடியற்காலையில கரையில இறங்குது. யாரும் பேசினா யாருக்கும் கேட்கல. ஆனா பக்கத்துலயே நங்கூரச் சங்கிலி இறங்குற சத்தம் தெளிவா கேட்குது. கண்ணுக்கு எட்டின வரைக்கும் வேற கப்பலே இல்ல. நேத்து சாயங்காலம் இங்க வந்தது யாரு?

கவனிச்சீங்களா, விசித்திரத்தை முதல் நிமிஷமே வெளியில வெச்சாச்சு. அதை ஒளிச்சு வெச்சு மூணு மணி நேரம் கழிச்சுக் காட்டுறது வீண்னு நான் உறுதியா நம்புறேன். தெரிஞ்ச பிறகுதான் அவங்க அதை வெச்சுத் திட்டம் போட முடியும். மந்திரச் சொல் அரை நாள் கழிச்சுப் பலிக்குமா, உடனே பலிக்குமாங்கிறதை மட்டும் ஆட்டத்துக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. அது கண்டிப்பா வரும். மேஜையில கொஞ்ச நேரம் எல்லாரும் சைகையில மட்டும் பேசலாம். ரொம்ப நேரம் நீட்டினா சலிச்சுடும்.

[திரையில்: தாளின் மேல் ஒரு கைப்பிடி பகடைகள் கொட்டப்படுகின்றன.]

வரைபடத்துக்கு, பத்துப் பன்னிரண்டு பகடையைத் தாள் மேல கொட்டுங்க. விழுந்த கூட்டத்தைச் சுத்தி பென்சிலால ஒரு கோடு, அதுதான் கரை. தள்ளி விழுந்தது தனிக் குட்டித்தீவு. பெரிய எண் மேடு, சின்ன எண் தாழ்வு, ஆறு மேட்டுல இருந்து தாழ்வு வழியா கடலுக்குப் போகும். காற்று எந்தத் திசைன்னு ஒரு அம்புக்குறி போடுங்க. மலை உயரமா இருந்தா காற்று மோதுற பக்கம் காடு, மறுபக்கம் வறட்சி.

தீவு எப்போ கண்ணுக்குத் தெரியும்னு கேட்பாங்க. கடல் மட்டத்துல இருந்து உயரத்தை மீட்டர்ல எடுத்து, அதோட வர்க்கமூலத்தை 3.57-ஆல பெருக்குங்க, கிலோமீட்டர்ல தொடுவானம் கிடைக்கும். 400 மீட்டர் மலைன்னா 71 கிலோமீட்டர். கப்பல் தளத்துல நிக்கிறவரோட கண் 4 மீட்டர் உயரத்துல இருந்தா இன்னும் 7 சேரும். மணிக்கு 9 கிலோமீட்டர் போற கப்பலுக்கு இது எட்டு மணி நேரத்துக்கும் மேல. வானம் தெளிவா இருந்தா காலையில பார்த்த மலையைச் சாயங்காலம்தான் தொடுவாங்க, பயத்தை வளர்க்க நல்ல அவகாசம். பவளத்தீவுல 20 மீட்டர் மரங்கள்தான் உச்சி. கணக்குப் போட்டா ரெண்டரை மணி நேரம்தான் கிடைக்கும். இருட்டுல பாறை தட்டுற வரைக்கும் தெரியவே தெரியாது.

ஒரு தீவுக் கூட்டத்தையே உருவாக்குறீங்கன்னா ரெண்டு பகடையைச் சேர்த்து உருட்டுற அட்டவணை போடுங்க. 36 வாய்ப்புல 7 மட்டும் ஆறு தடவை வரும். 2-ம் 12-ம் ஒவ்வொரு தடவைதான். நடுவுல சாதாரணத் தீவுகளை வைங்க, மீனவர் குடிசை, நல்ல தண்ணி, பேசிச் சிரிக்கிற ஜனங்க. ஓரத்துல விசித்திரத்தை வைங்க. சாதாரணத் தீவு ரெண்டு மூணைப் பார்த்தவங்களுக்குத்தான் நாலாவது தீவு உறைக்கும்.

கம்ப்யூட்டர்லயும் பண்ணலாம். கென் பெர்லின் 1980-கள்ல உருவாக்கின பெர்லின் நாய்ஸ் (இயற்கையா தெரியுற ஏற்ற இறக்கத்தைக் கணக்குப் போட்டுத் தர்ற முறை) மாதிரியான முறையில மேடு பள்ளத்தை உருவாக்கி, மையத்துல இருந்து விலக விலக உயரத்தைக் குறைச்சா, நடுவுல தீவு மட்டும் கடலுக்கு மேல நிக்கும். வரைபடம் அழகா வரும். அந்த நாலு கேள்விக்கு மட்டும் நீங்கதான் உட்கார்ந்து பதில் எழுதணும்.

[திரையில்: அதே தீவு வரைபடம், ஓரத்தில் ஒரே ஒரு பகடை.]

பழைய தீவுக்கு அவங்க மறுபடி வந்தா ஒரு பகடை உருட்டுங்க. 5, 6 வந்தா எல்லாம் அப்படியே இருக்கு. 2-ல் இருந்து 4 வரை வந்தா, தண்ணி, தூக்கம், திருடன், குழந்தை, இந்த நாலு பதில்ல ஒண்ணு மாறியிருக்கும். உதாரணமா, கிணறு உப்பாயிடுச்சு. 1 வந்தா தீவே காணோம். இதுக்கும் முன்மாதிரி உண்டு: 1831-ல் சிசிலிக்குத் தெற்கே ஒரு எரிமலைத் தீவு மேல வந்துச்சு, பிரிட்டன் உட்பட சில நாடுகள் அது எங்களுதுன்னு உரிமை கொண்டாடுச்சு, சில மாசத்துல அது கடலுக்குள்ள போயிடுச்சு. நம்ம பவளத்தீவுல அப்படி ஆச்சுன்னா, நாடு கடத்தப்பட்டவங்க எந்தக் கப்பல்ல ஏறினாங்கன்னு முடிவு பண்ணிக்கிட்டு, அரை நாளைக்கு முந்தின சத்தங்களை அந்த வெறும் தண்ணி மேல ஒவ்வொண்ணா கேட்க விடுங்க.