இரண்டு கோடுகள் வெட்டும் இடம்: ஜிபிஎஸ் இல்லாமல் கன்னியாகுமரி வழியாக மதுரைக்கு

[திரையில்: மேகத்துக்கு மேலே ஒரு செஸ்னா 172. கீழே தரை தெரியவில்லை.]

குளச்சல், முட்டம் பக்கம் கடலுக்குப் போகிற பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். தண்ணீருக்கு அடியில் மீன் கூடுகிற பார் எங்கே இருக்கிறது என்று அந்தக் காலத்தில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கரையில் இருக்கிற கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் இருக்கிற மலை உச்சியும் ஒன்றுக்கு நேராக ஒன்று வரும் வரைக்கும் வள்ளத்தை நகர்த்துவார்கள். அது ஒரு கோடு. அப்புறம் வேறு திசையில் இன்னொரு ஜோடி அடையாளம். அது இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் வலையை இறக்கினால் அடியில் பார் இருக்கும்.

இன்றைக்கு நாம் விமான சிமுலேட்டரில் செய்யப்போவதும் இதேதான். மலைக்கும் கோபுரத்துக்கும் பதிலாக, தரையில் நிற்கும் ரேடியோ நிலையங்கள்.

[திரையில்: வரைபடம். திருவனந்தபுரம், கன்னியாகுமரி, மதுரை மூன்றும் புள்ளிகளாக.]

திருவனந்தபுரத்தில் கிளம்பி, கன்னியாகுமரி முனைக்கு மேலே திரும்பி, மதுரையில் இறங்குகிறோம். ஜிபிஎஸ் திரையை அணைத்துவிடுங்கள். அதில் பாதையைக் காட்டும் இளஞ்சிவப்புக் கோடு நம்மைக் கூட்டிக்கொண்டு போய்விடும், உண்மைதான். ஆனால் பாதி வழியில் அது அணைந்துபோனால், இப்போது எங்கே இருக்கிறோம் என்று உங்களால் சொல்ல முடியுமா? இந்தத் திட்டத்தைக் கையால் போட்டுப் பழகியவரால் சொல்ல முடியும். அதற்காகத்தான் இந்த வீடியோ.

முதலில் நமக்குத் தேவையான கருவி விஓஆர். ஒரு ரேடியோ நிலையத்திலிருந்து நாம் எந்தத் திசையில் இருக்கிறோம் என்று காட்டுவது. முட்டம் கலங்கரை விளக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒளி வடக்கிலிருந்து கிளம்பி, நொடிக்கு 1 டிகிரி வீதம் சுற்றுவதாகக் கற்பனை செய்வோம். ஒளி வடக்கைத் தாண்டும் அதே நேரத்தில் எல்லாத் திசைக்கும் தெரியும்படி இன்னொரு விளக்கு ஒரு தடவை மின்னுகிறது. மின்னலைப் பார்த்த 125-வது நொடியில் சுற்றும் ஒளி உங்கள் கண்ணில் பட்டால், நீங்கள் கலங்கரை விளக்கத்திலிருந்து 125 டிகிரித் திசையில் இருக்கிறீர்கள். விஓஆர் நிலையம் இதையே ரேடியோ அலையில், நொடிக்கு 30 சுற்று வேகத்தில் செய்கிறது. இரண்டு சமிக்ஞைக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கருவி அளந்து, நீங்கள் எந்த ரேடியலில், அதாவது நிலையத்திலிருந்து கிளம்பும் எந்தத் திசைக்கோட்டில் இருக்கிறீர்கள் என்று ஊசியில் காட்டுகிறது. விமானத்தின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் ரேடியல் மாறாது. புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான்.

கூடவே டிஎம்இ, நிலையம் எவ்வளவு தூரம் என்று காட்டும் கருவி. விமானம் ஒரு துடிப்பை அனுப்புகிறது. நிலையம் 50 மைக்ரோ விநாடி பொறுத்துப் பதில் அனுப்புகிறது. போய் வருகிற நேரத்தில் ஒவ்வொரு 12.36 மைக்ரோ விநாடிக்கும் 1 கடல் மைல் கணக்கு. இனி மைல் என்றால் கடல் மைல்தான். இது தரையில் அளக்கும் தூரம் இல்லை, சாய்வாக அளக்கும் தூரம். 9,000 அடி உயரத்தில் நிலையத்தின் நேர் மேலே பறந்தாலும் 1.5 மைல் என்றுதான் காட்டும். 45 மைலுக்கு அப்பால் இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை.

என்டிபி என்ற பழைய வகை ரேடியோ நிலையம் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய டிரான்சிஸ்டரில் இலங்கை வானொலி கேட்டவர்களுக்கு இது உடனே புரியும். பெட்டியை ஒரு பக்கம் திருப்பினால் பாட்டு தெளிவாகக் கேட்கும், இன்னொரு பக்கம் திருப்பினால் அமுங்கிப்போகும். உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பிக்குத் திசை தெரியும் என்பதுதான் காரணம். விமானத்தில் என்டிபி நிலையத்தை நோக்கித் திரும்பும் ஏடிஎஃப் கருவியின் ஊசிக்கும் அடிப்படை அதுவே. பக்கத்தில் இடிமேகம் இருந்தால் ஊசி மின்னல் பக்கம் இழுபடும். கடற்கரையைச் சாய்வாகக் கடக்கும்போது அலை வளைந்து திசை பிசகும். இந்தப் பாதைக்கு என்டிபி நமக்கு வேண்டாம்.

[திரையில்: காகிதம், அளவுகோல், பாகைமானி.]

சரி, திட்டம் போடுவோம். திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து கன்னியாகுமரி முனை வரை கோடு இழுத்தால் சுமார் 45 கடல் மைல். உண்மை வடக்கை வைத்து அளந்தால் திசை 123 டிகிரி. ஆனால் விஓஆர் காந்த வடக்கை வைத்துப் பேசுகிறது. நம் பகுதியில் காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து ஏறக்குறைய 2 டிகிரி மேற்கே விலகி நிற்கிறது. மேற்கு விலகலைக் கூட்ட வேண்டும். அப்படியென்றால் ரேடியல் 125.

இந்தக் கோட்டின் கீழே யார் இருக்கிறார்கள் பாருங்கள். தக்கலை கோட்டுக்குச் சற்று இடப்பக்கம், கிட்டத்தட்ட 28-வது மைலில். நாகர்கோவில் ஏறக்குறைய கோட்டின் மேலேயே, 35-வது மைலில். வானம் தெளிவாக இருந்தால் ஊசி சொல்வது சரியா என்று ஜன்னல் வழியாகவும் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது திரும்பும் இடம். டிஎம்இ 45 காட்டினால் திரும்பிவிடலாமே என்று தோன்றும். தோன்றட்டும், ஆனால் ஒரே நிலையத்தை மட்டும் நம்பினால், அதன் அலைவரிசையைத் தப்பாகப் போட்டிருந்தால்கூட நமக்குத் தெரியாது. முனையைத் தாண்டினால் முன்னால் இந்தியப் பெருங்கடல் மட்டும்தான். அதனால் பெரியவர்கள் செய்ததுபோல இரண்டாவது கோடு வேண்டும். மதுரையின் விஓஆரிலிருந்து பார்த்தால் கன்னியாகுமரி சுமார் 110 மைலில், ரேடியல் 199-ல் இருக்கிறது. 125-ம் 199-ம் 74 டிகிரிக் கோணத்தில் வெட்டுகின்றன. இது நல்ல வெட்டு. 20, 30 டிகிரியில் வெட்டும் கோடுகளை எடுக்காதீர்கள். ஊசி கொஞ்சம் பிசகினாலும் வெட்டும் புள்ளி பல மைல் தள்ளிப் போய்விடும்.

இந்த இரண்டாவது கோடுதான் நம் உயரத்தைத் தீர்மானிக்கிறது. விஓஆர் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. பூமியின் வளைவு மறைத்துவிட்டால் கேட்காது. உயரத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.23 ஆல் பெருக்குங்கள். எத்தனை கடல் மைல் வரை கேட்கும் என்பது வந்துவிடும். திருவனந்தபுரத்தின் 45 மைலுக்கு 1,400 அடியே போதும். மதுரையின் 110 மைலுக்கு 8,000 அடி வேண்டும். கீழே பறந்து கடற்கரையை ரசிக்கலாம் என்று 3,000 அடியில் போனால், 67 மைல்தான் கேட்கும். முனையில் இரண்டாவது ஊசி செத்துக் கிடக்கும். நமது இரண்டு பாதையும், 125-ம், மதுரையை நோக்கிப் போகும் 019-ம் (199-ன் எதிர்த்திசை), 0 முதல் 179 டிகிரிக்குள் வருகின்றன. கருவிகளை வைத்துப் பறக்கும் விதிப்படி, அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒற்றைப்படை ஆயிரங்கள். ஆகவே 9,000 அடி. அங்கே 116 மைல் வரை கேட்கும். அருகே இருக்கிற மலைகளில் உயரமான அகத்தியமலையே 1,868 மீட்டர், அதாவது 6,100 அடி சொச்சம்தான். அந்தக் கவலையும் இல்லை.

நான் என் திட்டத்தாளில் எப்போதும் இந்த வரிசையில்தான் எழுதுவேன்: எந்த நிலையங்கள் என்பது முதலில், உயரம் அதற்குப் பிறகு. உயரத்தை ஆசைப்படி எழுதிவிட்டு நிலையத்தைத் தேடினால் திட்டம் நடுவழியில் அறுந்துபோகும்.

அலைவரிசைகளை உங்கள் சிமுலேட்டரின் வரைபடத்திலிருந்தே எடுங்கள். லிட்டில் நேவ்மேப் என்ற இலவச மென்பொருளில் நிலையத்தைத் தொட்டாலே காட்டும். இந்திய விமான நிலைய ஆணையத்தின் ஏஐபி என்ற வான்வழித் தகவல் வெளியீட்டிலும் உண்டு. ஆனால் உங்கள் சிமுலேட்டரின் தரவு பழையதாக இருந்தால், உள்ளே ஒலிபரப்பாவது பழைய அலைவரிசைதான். போட்டதும் மோர்ஸ் அடையாளத்தைக் கேளுங்கள். திருவனந்தபுரத்துக்கு டிவிஎம் என்ற மூன்றெழுத்து: நீளம் ஒன்று; குறில் மூன்று, நீளம் ஒன்று; நீளம் இரண்டு. காதால் கேட்காத நிலையத்தை ஊசியில் நம்பாதீர்கள்.

[திரையில்: காக்பிட். இரண்டு விஓஆர் கருவிகள் பெரிதாக.]

கிளம்பலாம். ரன்வே 14-ல் ஏறினால் மூக்கு ஏறக்குறைய நம் பாதையைப் பார்த்தே இருக்கும். முதல் கருவியில் டிவிஎம், வேண்டிய திசையை வைக்கும் திசைக்குமிழில் 125. கருவியில் உள்ள சிறிய கொடி 'ஃப்ரம்' காட்ட வேண்டும்.

இங்கே நான் ஆரம்பத்தில் செய்த ஒரு தவறு. 125-க்குப் பதில் அதன் எதிர்த்திசையான 305-ஐ வைத்துவிட்டேன். ஊசி நடுவில்தான் நின்றது, எல்லாம் சரி என்று நினைத்தேன். கொடி 'டூ' காட்டியதைக் கவனிக்கவில்லை. காற்று என்னைக் கடல் பக்கம் தள்ளியபோது ஊசி தலைகீழாக ஆடியது. நான் அதைத் துரத்தத் துரத்தக் கரை இன்னும் விலகிப் போனது. விலகிப் போகும்போது 'ஃப்ரம்', நெருங்கும்போது 'டூ'. ஊசியைப் பார்க்கும் முன் கொடியைப் பாருங்கள்.

இரண்டாவது கருவியில் மதுரை, திசைக்குமிழில் 019. 199-க்கு எதிர்த்திசை. முனைக்குப் பிறகு நாம் பறக்கப்போகும் திசையும் அதுதான் என்பதால் இப்போதே வைத்துவிடுகிறோம். நாகர்கோவிலைத் தாண்டும்போது நீங்கள் மதுரையின் 204-ம் ரேடியலில் இருப்பீர்கள். ஊசி வலப்பக்கம் பாதித் தூரத்தில் நிற்கும். அங்கிருந்து மெல்ல மெல்ல நடுவுக்கு வரும். இந்தப் பத்து மைல்தான் இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கீழே முழுக்க மேகம் மூடியிருக்கலாம், ஆனாலும் வள்ளுவர் சிலை எந்தப் பக்கம் நெருங்கி வருகிறது என்று அந்த ஊசி சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஊசி முழுவதும் நடுவுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். 106 டிகிரி இடப்பக்கத் திருப்பம் இது. 110 நாட் வேகத்தில், நொடிக்கு 3 டிகிரி வீதம் திரும்பும் நிலையான திருப்பத்துக்கு முக்கால் மைல் முன்பே சாய்க்கத் தொடங்கினால் கோட்டின் மேலேயே போய் நிற்கலாம்.

அப்புறம் காற்று. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நிஜ வானிலையைப் போட்டுப் பறந்து பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றுக்காகத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள். மேலே மேற்கிலிருந்து 20 நாட் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வடக்கே போகும் நமக்கு அது இடப்பக்கத்துக் குறுக்குக் காற்று. 20-ஐ 110-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 11 டிகிரி; 10 என்று எடுத்துக்கொள்வோம். மூக்கை 009-ல் வைத்தால்தான் 019 கோட்டில் போவோம்.

மதுரை 110 மைலில் இருக்கும்போது ஊசி ஒரு புள்ளி விலகினால், அது 2 டிகிரி என்றால், தரையில் கிட்டத்தட்ட 4 மைல் விலகல். தூரத்தில் ஊசி சோம்பலாக இருக்கும், நெருங்க நெருங்கத் துடிப்பாகும். அதனால் முதல் அரைமணி நேரம் சின்ன அசைவைக்கூட அலட்சியப்படுத்தாதீர்கள். கடைசி சில மைலில் பெரிய அசைவைக்கூடத் துரத்தாதீர்கள். நிலையத்துக்கு நேர் மேலே ஊசி குழம்பி ஆடும், கொடி 'ஃப்ரம்' என்று மாறும். மூக்கைத் திருப்பாமல் அப்படியே பிடித்திருங்கள்.

[திரையில்: அதே வரைபடம், அம்புக்குறிகள் எதிர்த்திசையில்.]

திரும்பி வரும் பயணத்துக்கும் இப்போதே ஒரு தாள் எழுதிவிடலாம். மதுரையிலிருந்து 199, முனையிலிருந்து 305. இரண்டும் இரட்டைப்படை உயரங்களுக்கு உரியவை. 8,000 அடி எடுத்தால் கணக்கு சரியாக 110 மைலில் முடிகிறது. ஊசி தேவைப்படுகிற அதே இடத்தில் அணையக்கூடும். 10,000 அடிக்கு 123 மைல் கேட்கும். தாளில் 10,000 என்று எழுதுங்கள்.