மார்ச் 8 பேரணிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி

வணக்கம் தோழிகளே. மார்ச் 8 பெண்கள் பேரணிக்கு எப்படித் தயாராகுறதுன்னு இன்னைக்குப் பேசலாம். சென்னையை வச்சுத்தான் சொல்றேன். மதுரை, கோவைன்னா அனுமதி விஷயம் மட்டும் கொஞ்சம் மாறும், மத்ததெல்லாம் ஒண்ணுதான்.

முதல்ல ஒரு விஷயம். திட்டம் போடும்போது வர்றதுக்கு ரொம்பச் சிரமப்படுற பெண்ணை மனசுல வச்சுப் போடுங்க. வீட்டுவேலை முடிச்சுட்டு வர்ற அக்கா, ஜவுளிக்கடையில நாள் முழுக்க நின்னுட்டு வர்ற பொண்ணு, கைக்குழந்தையோட வர்றவங்க, முட்டிவலி உள்ள பாட்டி. இவங்களால நடக்க முடிஞ்சா எல்லாராலயும் நடக்க முடியும். நேரம், தண்ணி, கழிப்பறை, திரும்பிப் போற பஸ், எல்லாத்தையும் இவங்களை வச்சுத்தான் முடிவு பண்ணணும்.

அனுமதியைப் பத்தி. கூட்டத்துல நடக்கப் போறவங்களும் இதைத் தெரிஞ்சு வச்சுக்கணும். ஒரே இடத்துல நின்னு கோஷம் போட்டா ஆர்ப்பாட்டம், நடந்து போனா பேரணி. ஒண்ணுக்கு வாங்கின அனுமதி இன்னொண்ணுக்குச் செல்லாது. சென்னையில 1888ஆம் வருஷ மாநகரக் காவல் சட்டம் பிரிவு 41ன் கீழ கமிஷனர் கட்டுப்பாடு போடுறார். அதனால குறைஞ்சது 5 நாள் முன்னாடி மனு கொடுத்திருக்கணும். மத்த பல ஊர்கள்ல 1861ஆம் வருஷ போலீஸ் சட்டம் பிரிவு 30(2). ஆர்ப்பாட்டம்னா பெரும்பாலும் வள்ளுவர் கோட்டம். பேரணின்னா எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியத்துல கிளம்பி லாங்ஸ் கார்டன் ரோடு வரைக்கும், இது வழக்கமா கிடைக்கிற பாதை. மெரினாவைக் கேட்டு நாளை வீணாக்காதீங்க, அங்க கிடைக்காது.

5 நாள்னு இருக்கேன்னு சரியா அஞ்சாவது நாள் மனு கொடுக்காதீங்க. மறுப்புக் கடிதம் பல தடவை கடைசி நேரத்துலதான் கைக்கு வரும். உயர் நீதிமன்றத்துக்குப் போகணும்னா வக்கீலுக்கு அவகாசம் வேணும். ரெண்டு வாரம் முன்னாடியே கொடுத்து, கொடுத்ததுக்கு ரசீது வாங்கி வச்சுக்கோங்க. நீங்க கலந்துக்க மட்டும் போறீங்கன்னா, அமைப்பாளர்கிட்ட "அனுமதிக் கடிதம் வந்தாச்சா, எந்தப் பாதை, எத்தனை மணி வரைக்கும்"னு கேளுங்க. அந்த மூணும் தெரியாம வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டாம்.

இப்ப பதாகை. ரோட்டோரம் நிக்கிறவருக்கு உங்க அட்டையைப் படிக்க அஞ்சு நொடிகூடக் கிடைக்காது. அதுக்குள்ள விஷயம் போய்ச் சேரணும். "பெண் விடுதலை வேண்டும்"னு எழுதினா யாரும் மறுக்கப் போறதில்ல, யாரும் பதில் சொல்லவும் போறதில்ல. கேள்வியைக் குறிப்பா வைங்க. 2021ல தமிழ்நாட்டுல கடைகள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தாகணும்னு வச்சாங்க. அதை வச்சு "சட்டம் தந்த நாற்காலி எங்கே?"னு கேட்கலாம். நாலே வார்த்தை. பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற இடத்துல பாலியல் தொல்லை புகார் குழு இருக்கணும், இல்லாட்டி 50,000 ரூபாய் வரைக்கும் அபராதம்னு 2013ஆம் வருஷச் சட்டம் சொல்லுது. "உங்க ஆபீஸ்ல புகார் குழு எங்கே?"ன்னா, படிக்கிற முதலாளிக்குச் சுருக்குன்னு படும். 2015ல மூணாறு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் ரோட்டுல உட்கார்ந்தப்போ, 20 சதவீத போனஸ், 500 ரூபாய் நாள் கூலின்னு எண்ணைச் சொல்லித்தான் கேட்டாங்க. போனஸ்ல கம்பெனி இறங்கி வந்துச்சு.

அளவைப் பார்ப்போம். முழு சார்ட் பேப்பர் ஏறக்குறைய 28க்கு 22 அங்குலம். படுக்கையா வச்சு எழுதுங்க. பத்து மீட்டர்ல இருந்து தெளிவாத் தெரியணும்னா எழுத்து 4 அங்குல உயரமாவது இருக்கணும். தமிழ்ல மேல புள்ளி வரும், கொக்கி வரும், கீழ உகரத்தோட வால் வரும். அதுக்கு இடம் விட்டா ஒரு வரிக்கு 6 அங்குலம் ஆகும். அப்போ ஒரு அட்டையில மூணு வரிதான். ஓரம் விட்டா வரிக்கு ஏழு எழுத்து. துணைக்கால், ஒற்றைக்கொம்பு எல்லாத்தையும் தனி எழுத்தாவே எண்ணுங்க, இங்கதான் பலருக்குக் கணக்கு தப்பும். "நாற்காலி" எழுத்துல நாலுதான், பேப்பர்ல ஆறு எழுத்து இடம் பிடிக்கும். "சட்டம் தந்த" ஒரு வரி, "நாற்காலி" ஒரு வரி, "எங்கே?" ஒரு வரி. முதல் வரியை மட்டும் லேசா நெருக்கி எழுதுங்க. முதல்ல பென்சில்ல போட்டுப் பார்த்துட்டு அப்புறம் மையைத் தொடுங்க.

கோடு அரை அங்குலம் தடிமன் போதும். அதுக்கு மேல போனா ண, ணை, ஐ, இ உள்ளே இருக்கிற சுழி அடைச்சுக்கும், தூரத்துல வெறும் கறுப்புத் திட்டாத்தான் தெரியும். வெள்ளை, மஞ்சள்ல கறுப்பு எழுத்து நல்லா எடுக்கும். பச்சையில சிவப்பு வேண்டவே வேண்டாம். பளபளக்கிற சார்ட் வெயில்ல கண் கூசும், படமும் சரியா வராது.

சார்ட்டைத் தனியாப் பிடிச்சா காத்துல மடங்கும். கடையில கிடைக்கிற அட்டைப்பெட்டியைப் பிரிச்சுப் பின்னாடி ஒட்டுங்க. கட்டை, கம்பு, இரும்புப் பைப் எதுவும் வேண்டாம், போலீஸ் வாங்கி ஓரமாப் போட்டுடுவாங்க. நியூஸ் பேப்பரை இறுக்கிச் சுருட்டி டேப் ஒட்டினாலே கைப்பிடி ஆயிடும். அதைவிட நல்ல வழி, அட்டையோட மேல் ரெண்டு மூலையில ஓட்டை போட்டு நாடா கட்டிக் கழுத்துல மாட்டிக்கிறது. கை வலிக்காது, குழந்தையைத் தூக்கிக்கலாம், தண்ணி குடிக்கலாம்.

முன்னாடி போற பேனருக்கு ஃப்ளெக்ஸ் வேண்டாம். காடாத் துணி 10 அடிக்கு 3 அடி எடுத்து, ரெண்டு ஓரமும் 3 அங்குலத்துக்கு உறை மாதிரி தைச்சு, பிடிச்சுக்க அதே பேப்பர்ச் சுருளை உள்ளே விட்டுடுங்க. துணிப் பெயின்ட்ல எழுதுங்க. போஸ்டர் கலர் வேர்வைக் கை பட்டாலே ஓடிடும். சாயங்காலம் கடல்காத்து வந்தா பேனர் பாய்மரம் மாதிரி உப்பும், ரெண்டு பேரால பிடிக்க முடியாது. நடுவுல ஒருத்தர் கீழ்விளிம்பைப் பிடிச்சுக்கணும்.

அட்டை பத்தி இன்னொண்ணு, ரொம்ப முக்கியம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணோட படத்தையோ பேரையோ தூக்கிட்டுப் போகாதீங்க. அவங்க உயிரோட இல்லைன்னாலும் கூடாது. பிஎன்எஸ், அதாவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த சட்டம், அதோட பிரிவு 72படி ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை. 2024 ஆகஸ்ட்ல கொல்கத்தா மருத்துவர் கொலைக்காக நாடே கொதிச்சப்போ, அவங்க பேரையும் படத்தையும் சமூக ஊடகங்கள்ல இருந்து நீக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. நியாயம் கேட்டுப் போற நாமளே அந்தக் குடும்பத்தோட காயத்தைக் கிளறக் கூடாது.

பறை வருதுன்னா அமைப்பாளர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. தோல் பறையைக் காய்ச்சித்தான் அடிக்கணும், அதுக்குக் கிளம்புற இடத்துல நெருப்பு மூட்ட ஒரு மூலை வேணும். பாதி வழியில தோல் தளர்ந்து சத்தம் இறங்கிடும். கோஷம் போடுறவங்க பத்து நிமிஷத்துக்கு ஒருத்தர்னு மாத்திக்கோங்க. ஒருத்தரே கத்தினா அரை மணியில தொண்டை போயிடும். கை மைக்குக்கு மாத்து பேட்டரி எடுத்துக்கோங்க.

தண்ணி விஷயத்துக்கு வருவோம். பெண்கள் பேரணியில மயக்கம் போட்டு விழுறதுக்கு வெயில் பாதிக் காரணம்தான். மீதி, கழிப்பறை இருக்காதுன்னு பயந்து காலையில இருந்தே தண்ணி குடிக்காம வர்றது. மயக்கமும் வரும், நீர்க்கடுப்பும் வரும். இதுக்குத் தீர்வு பாட்டில் இல்ல, கழிப்பறைதான். முந்தின நாள் அதே நேரத்துல பாதையை நடந்து பாருங்க. மாநகராட்சிக் கழிப்பறை திறந்திருக்கா, தண்ணி வருதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கா, பெட்ரோல் பங்க்ல விடுறாங்களா, மெட்ரோ ஸ்டேஷன்ல எந்தப் பக்கம். இதைக் குழுவுல எல்லாருக்கும் அனுப்புங்க. கழிப்பறை இருக்குன்னு தெரிஞ்சாத்தான் அவங்க தண்ணி குடிப்பாங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி அரை லிட்டர், அப்புறம் இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர். ஓஆர்எஸ் பெரிய பாக்கெட்னா முழுசா 1 லிட்டர் தண்ணியில கலக்கணும். பாதிப் பாக்கெட்டு, ஒரு டம்ளர்னு கண்ணளவுல போட்டா உப்பு ஏறிடும். வீட்டுலயே செய்யணும்னா 1 லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி. சர்க்கரை நோய் இருக்கிறவங்க நேரத்துக்குச் சாப்பிட்டுட்டு, மாத்திரையும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கையில வச்சுக்கணும். யாராவது பேச்சு குழறினா, சம்பந்தமில்லாமப் பேசினா, அது சாதாரணக் களைப்பு இல்ல. நிழலுக்குக் கொண்டுபோய், துணி நனைச்சுக் கழுத்திலயும் அக்குள்லயும் வச்சுட்டு 108க்குக் கூப்பிடுங்க.

பருத்தி உடை, பழகின செருப்பு. புதுச் செருப்பு போட்டா ஒரு கிலோமீட்டர்ல கொப்புளம். புடவைன்னா ரெண்டு அங்குலம் தூக்கிக் கட்டுங்க, பின்னாடி வர்றவங்க மிதிக்க மாட்டாங்க. நாப்கின் ரெண்டு கூடுதலா, உங்களுக்கு இல்லாட்டியும் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு.

வரிசையில வயசானவங்களையும் சக்கர நாற்காலியில வர்றவங்களையும் பேனருக்கு அடுத்தே விடுங்க. கடைசியில விட்டா முன்வரிசை வேகமாப் போயிடும், நடுவுல இடைவெளி விழும், அந்த இடைவெளியிலதான் ஆட்டோவும் பைக்கும் புகும். அவங்க நடைதான் பேரணியோட நடையா இருக்கணும். 1938ல இந்தி எதிர்ப்புப் படையோட திருச்சியில இருந்து சென்னைக்கு நடந்தப்போ, தேவதாசி முறையை எதிர்த்துப் போராடின மூவலூர் இராமாமிர்தம் அம்மையாருக்கு 55 வயசு. மூத்தவங்க முன்னாடி நடக்கிறது நம்ம ஊருக்குப் புதுசில்ல.

போன்ல விரல்ரேகை லாக்கை நீக்கிட்டு நம்பர் லாக் போடுங்க. கூட்டத்துல நெட்வொர்க் போயிடும், அதனால வக்கீல் நம்பரையும் வீட்டு நம்பரையும் பேனாவால முன்கையில எழுதிக்கோங்க. பக்கத்துல இருக்கிறவங்க முகத்தைக் கேட்காமப் படம் போடாதீங்க. வீட்டுல சொல்லாம வந்தவங்க இருப்பாங்க.

கைது பண்ணினா? தமிழ்நாட்டுல பெரும்பாலும் பஸ்ல ஏத்தி ஒரு கல்யாண மண்டபத்துல வச்சு, பேரு, முகவரி எழுதிக்கிட்டு, சாயங்காலம் விடுவாங்க. அப்பவும் உரிமை உண்டு. பிஎன்எஸ்எஸ், அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா வந்த சட்டம், அதோட பிரிவு 43படி, சூழ்நிலை கட்டாயப்படுத்தினாத் தவிர, பெண்ணைக் கைது பண்ணும்போது ஆண் போலீஸ் தொடக் கூடாது. சூரியன் மறைஞ்சு உதிக்கிறதுக்குள்ள பெண்ணைக் கைது பண்ணணும்னா தவிர்க்க முடியாத காரணம் இருக்கணும், பெண் அதிகாரி எழுதிக் கொடுத்து மாஜிஸ்ட்ரேட்கிட்ட முன்அனுமதி வாங்கணும். சோதனை போடுறதும் பெண்தான். காரணத்தைச் சொல்லணும், வீட்டுக்குத் தகவல் கொடுக்கணும், 24 மணி நேரத்துக்கு மேல வைக்கணும்னா மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும். படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு அதுல வருமான வரம்பு கிடையாது.

கலைஞ்சு போற நேரத்தையும் முன்கூட்டியே திட்டம் போடுங்க. பேரணி முடியுற இடத்துல பஸ் வேற வழியாத் திருப்பி விட்டிருப்பாங்க, கட்டணமில்லாத சாதாரண டவுன் பஸ் எந்த ஸ்டாப்புல நிக்கும்னு முன்னாடியே பார்த்துச் சொல்லுங்க. ஒரே பக்கம் போறவங்களை மூணு நாலு பேரா சேர்த்து அனுப்புங்க. பேர்ப்பட்டியல் ஒருத்தர் கையில இருக்கணும். "வந்து சேர்ந்தாச்சு"ன்னு ஒவ்வொருத்தர்கிட்ட இருந்தும் செய்தி வந்ததும் டிக் பண்ணணும். வராதவங்களுக்கு அரை மணி பார்த்துட்டு போன் போடணும், எடுக்கலைன்னா கூடப் போனவங்களுக்கு, அப்புறம் 181 இல்லாட்டி 112. கடைசிப் பேருக்கு டிக் விழுற வரைக்கும் பட்டியல் வச்சிருக்கிறவங்க தூங்கக் கூடாது. அதனால அந்த வேலைக்கு ரெண்டு பேரைப் போடுங்க.