வரலாற்றுப் பட்டமும் பரணில் கிடக்கும் பெட்டியும்

(பாலக்காடு மாவட்டத்தின் எல்லையோர வாசகசாலை ஒன்றில், பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மையார் அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, தமிழ்த் துறையிலிருந்தும் வரலாற்றுத் துறையிலிருந்தும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, நேற்று இரவெல்லாம் நின்று இந்த மண்டபத்தை ஒழுங்குசெய்த வாசகசாலைச் செயலாளர் அவர்களே, கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் என்று நாலு திசையிலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே, நாளைக்குக் கல்லூரிப் படி ஏறப்போகும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, "பி.ஏ. வரலாறு: பட்டம் பெற என்னென்ன வேண்டும்?" என்பது. ஐந்து செய்திகள் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். கிரெடிட் கணக்கு ஒன்று. எந்தப் பாடத்தைத் துணைக்கு எடுப்பது என்பது இரண்டு. வகுப்பில் கிடைக்காத எழுத்துப் பயிற்சி மூன்று. களப்பணி நான்கு. வேலைவாய்ப்பு ஐந்து.

நம் பாட்டிமார் ஒரு பழமொழி சொல்வார்கள்: "எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" கொடுத்தவனும் போய்விட்டான், வாங்கியவனும் போய்விட்டான், எழுத்து இல்லை. பிறகு யார் அழுது என்ன? வரலாற்றுப் படிப்பு முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் கணக்கு. 2024 முதல் கேரளத்தில் நான்காண்டுப் பட்டப் படிப்பு வந்துவிட்டது. மூன்றாண்டு முடித்து வெளியே வந்தால் பட்டம். அதற்கு 133 கிரெடிட். நான்காம் ஆண்டும் படித்தால் ஆனர்ஸ், அதற்கு 177. கிரெடிட் என்றால் பயந்துவிடாதீர்கள். பதினைந்து மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தால் ஒரு கிரெடிட். செய்முறை, களம் என்றால் முப்பது மணி நேரத்துக்கு ஒன்று. கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் நம் பகுதிக் கல்லூரிகளில் அந்த 133 இப்படிப் பிரிகிறது: மேஜர், அதாவது வரலாறு, 17 தாள், தாளுக்கு 4 வீதம் 68. மைனர், அதாவது துணைப்பாடம், 6 தாள், 24. மொழி, பலதுறை, மதிப்புக்கல்வி, திறன் என்று பொதுத் தாள்கள் 13, தாளுக்கு 3 வீதம் 39. இன்டர்ன்ஷிப் 2. கூட்டிப் பாருங்கள், 133 வரும். வருகைப் பதிவு 75 விழுக்காடு இருக்க வேண்டும். நூறு மதிப்பெண்ணில் 30 உள்மதிப்பீடு, 70 பருவத் தேர்வு. உள்மதிப்பீட்டை அலட்சியம் செய்கிற பிள்ளைதான் கடைசியில் திண்டாடும். அந்த 30 தேர்வு அறையில் கிடைப்பதில்லை, வாரா வாரம் சேர்வது.

எல்லை தாண்டிப் பொள்ளாச்சி, கோயமுத்தூர்ப் பக்கம் படித்தால் மூன்றாண்டு, ஆறு பருவம். அங்கே பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றில் வரலாறு என்று அடுக்கு வேறு. இங்கே ஒரு கால், அங்கே ஒரு கால் வைக்க நினைக்கிறவர்கள் சேருவதற்கு முன்பே எந்த அடுக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் மாறினால் தாளுக்குத் தாள் ஒத்துப்போகாமல் ஒரு பருவம் வீணாகும்.

இரண்டாவது, மைனர். ஆறு தாளையும் ஒரே பாடத்தில் எடுக்கலாம். இரண்டு பாடத்தில் மும்மூன்றாகவும் எடுக்கலாம். தோழி எடுத்தாள் என்று எடுக்காதீர்கள். இந்த மண்ணில் வரலாறு படிக்கிற பிள்ளைக்குத் தமிழ் மைனர் ஒரு கண். மலையாளம் வாசிக்கத் தெரிவது இன்னொரு கண். சித்தூர் கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. பாலக்காடு மலபார் மாவட்டம், சென்னை மாகாணம். 1956 நவம்பர் 1-ல்தான் எல்லாம் ஒரே மாநிலக் கூரைக்குள் வந்தன. அதனால் கொச்சிப் பக்கத்து ஊரின் கோப்பை எர்ணாகுளம் ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். மலபார்ப் பக்கத்து ஊர் என்றால் கோழிக்கோடு, அங்கே இல்லாவிட்டால் சென்னை எழும்பூர். இது தெரியாமல் தவறான ஊருக்கு ரயில் ஏறிப் போய்ப் பட்டியலைப் புரட்டிவிட்டு "ஒன்றும் இல்லை" என்று திரும்புகிறார்கள். இல்லாதது கோப்பு அல்ல. போகும்போது கல்லூரி முதல்வரின் கடிதம், அடையாள அட்டை, பென்சில் மூன்றும் கையில் இருக்கட்டும். பழந்தாள் பக்கத்தில் பேனா கூடாது. ஒரு சொட்டு மை விழுந்தால் திரும்ப எடுக்க முடியாது.

இந்த நேரத்தில், தம் பல அலுவல்களுக்கு நடுவே வந்து மேடையில் அமர்ந்திருக்கும் நம் சட்டமன்ற உறுப்பினர் அவர்களை உங்கள் எல்லோர் சார்பிலும் வணங்கி வரவேற்கிறேன். அவருக்கு இடம்விட்டு நகர்ந்து அமர்ந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஐயா அவர்களுக்கும் வணக்கம். இருவர் முன்னிலையிலும் அடுத்த செய்தியைச் சொல்லக் கிடைத்தது என் பேறு. ஏனென்றால் இதுதான் நான் ஊர் ஊராகச் சொல்லி வருகிற செய்தி.

வரலாறு படித்தவனுக்கு எழுத்து வாசிக்கத் தெரிய வேண்டும். அச்செழுத்தைச் சொல்லவில்லை. கல்லில் இருக்கிறது, ஓலையில் இருக்கிறது, முத்திரைத் தாளில் இருக்கிறது, அந்த எழுத்து.

கரூருக்குப் பக்கத்தில் வேலாயுதம்பாளையம். அங்கே ஆறுநாட்டார் மலை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே போனால், மேலைக் கடற்கரைச் சரக்கு போன பாதையில் வருகிற மலை அது. குகையில் சமண முனிவர்களுக்குப் படுக்கை வெட்டியிருக்கிறார்கள். மேலே பிராமி எழுத்து. இப்படிப்பட்ட குகை எழுத்துகள் பாண்டி நாட்டு மாங்குளத்தில் 1882-லேயே கண்ணில் பட்டுவிட்டன. ஆனால் வாசிக்க உட்கார்ந்தவர்களுக்கு வார்த்தை கூடவில்லை. ஏன்? அவர்கள் கையில் இருந்தது அசோகன் கல்வெட்டின் சாவி. அந்தச் சாவிப்படி எழுத்துக்குப் பக்கத்தில் சிறு கோடு போட்டால் நெடில். கோடு இல்லாவிட்டால் அகரம் சேர்ந்த உயிர்மெய். இந்தக் குகைகள் பலவற்றில் கோடு இருந்தாலும் அது வெறும் அகரமாக இருக்கலாம், கோடு இல்லாவிட்டால் மெய்யாக இருக்கலாம். பூட்டு வேறு, சாவி வேறு! பூட்டுக்குள் போட்டுத் திருகத் திருகப் பிராகிருதம் போலவும் இல்லாமல், தமிழ் போலவும் இல்லாமல் ஏதோ ஒன்று வந்துகொண்டிருந்தது.

1924-ல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் ஒன்றைக் கவனித்தார். இந்த எழுத்துகளில், க, ச போன்றவற்றின் அழுத்த ஒலிகளைத் தனியாகக் காட்டும் வடமொழி வர்க்க எழுத்தே இல்லை. ஆனால் வடமொழியில் இல்லாத ழ, ள, ற, ன இருக்கின்றன. அப்படியானால் இது தமிழ்தானே என்றார். சொல்லி நாற்பது வருடம் ஓடியது. பிறகு ஐராவதம் மகாதேவன் வந்தார். அவர் கல்லூரி வரலாற்றுப் பேராசிரியர் அல்லர். இந்திய ஆட்சிப் பணி அதிகாரி. மலை மலையாக ஏறினார். புகளூர்க் கல்வெட்டு என்று சொல்லப்படும் இந்த ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டை 1965-ல் வாசித்துச் சொன்னார். கேளுங்கள்: "கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன் மகன் இளங்கடுங்கோ இளங்கோ ஆக அறுத்த கல்." இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் பெற்றபோது முனிவருக்கு வெட்டிக் கொடுத்த கல். தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறைச் சேரர் பெயர் ஒரே வாசகத்தில்! பதிற்றுப்பத்தின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துகளில் வருகிற இரும்பொறை மரபோடு அவர் இதைப் பொருத்திக் காட்டினார். அதுவரை பாட்டில் மட்டும் இருந்த அரசர்களுக்குக் கல்லில் சாட்சி கிடைத்தது. அந்த முனிவரின் பெயர்கூட நமக்குத் தெரியும்: யாற்றூர்ச் செங்காயபன். படுத்துக் கிடந்த ஒரு துறவியின் ஊரும் பேரும் ஏறத்தாழ 1,800 ஆண்டு கழித்தும் இருக்கிறது. சேரர் நமக்கும் உறவு, மலையாளத்தாருக்கும் உறவு. எழுதி வைத்தான், இருக்கிறது. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

ஆகவே முதலில் வட்டெழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். கேரளத்தின் பழைய செப்பேடுகள், கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு உட்பட, பெரும்பாலும் அந்த எழுத்தில்தான் இருக்கின்றன. பழைய எழுத்தில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகரக் குறில் எது, நெடில் எது என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பொருளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தினம் அரை மணி உட்கார்ந்து எழுதிப் பழகுகிற பிள்ளைக்கு மூன்று மாதத்தில் கண் பழகிவிடும்.

அடுத்தது எண். பழைய பத்திரத்தில் ௧ என்பதைக் க என்றும், ௭ என்பதை எ என்றும், ௮ என்பதை அ என்றும் வாசித்துவிட்டு, வாக்கியம் ஓடவில்லையே என்று உட்கார்ந்திருப்பார்கள். ௲௱௨௰௨ என்று இருந்தால் ஆயிரம், நூறு, இரண்டு பத்து, இரண்டு: 1122. அது பெரும்பாலும் கேரளத்து ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு. அதற்கு எத்தனை கூட்டினால் ஆங்கில ஆண்டு? பல பேர் கண்ணை மூடிக்கொண்டு 825 கூட்டுகிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. கொல்லம் ஆண்டு திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் ஆவணியில் பிறக்கிறது, வட மலபாரில் புரட்டாசியில் பிறக்கிறது. பிறந்த மாதத்திலிருந்து டிசம்பர் முடிய 824, ஜனவரியிலிருந்து 825. திருவிதாங்கூர்க் கோயில் நுழைவு அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லம் 1112, ஐப்பசி 27. 824 கூட்டினால் 1936, நவம்பர் 12, சரியாக வருகிறது. 825 கூட்டியவன் ஒரு வருடம் தள்ளி 1937 என்று எழுதிவிடுவான். மாதத்தைப் பார்க்காமல் ஆண்டைத் தொடாதீர்கள்.

கல்வெட்டில் "இரண்டாமாண்டைக்கு எதிர் முப்பத்தாறாமாண்டு" என்று வரும். சேர அரசன் பாஸ்கர ரவி யூதர்களுக்குக் கொடுத்த செப்பேட்டில் அப்படித்தான் இருக்கிறது. எதிர் என்றால் கூட்டல். இரண்டும் முப்பத்தாறும் முப்பத்தெட்டு, அதாவது அவனுடைய முப்பத்தெட்டாம் ஆட்சியாண்டு, கி.பி. 1000. முப்பத்தாறை மட்டும் எடுத்தால் காலம் பிசகும்.

நான்காவது, களப்பணி. நாம் ஒரு கோரிக்கை வைக்கிறோம். இன்டர்ன்ஷிப்பின் 2 கிரெடிட்டுக்கு 60 மணி நேரம். அந்த 60 மணி நேரத்தை நம் ஊர் வீடுகளிலேயே செலவிட அனுமதி வேண்டும். ஊராட்சியும் வாசகசாலையும் ஏற்பாடு செய்யட்டும். கல்லூரி ஒப்புதல் கொடுக்கட்டும்.

ஏன் வீடு? பொங்கல் காப்புக் கட்டுக்கு முன் வீடு ஒழித்து வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து தகரப் பெட்டி இறங்கும். உள்ளே பாட்டச் சீட்டு, அதாவது குத்தகைச் சீட்டு, காணப் பத்திரம், வரி ரசீது, கல்யாண மொய்க் கணக்கு, சில வீட்டில் ஓலைச் சுருணை. 1970 ஜனவரி 1-ல் குடியானவருக்கு நிலம் உரிமையான பிறகு பழைய பாட்டச் சீட்டுக்கு மதிப்பில்லை என்று நினைத்துவிட்டார்கள். பட்டயம் கையில் வந்துவிட்டது, சீட்டு எதற்கு என்று அடுப்புக்குப் போனது, பழைய பேப்பர்காரனுக்குப் போனது. அம்மா, அந்தச் சீட்டில்தான் உங்கள் மாமனார் எத்தனை பறை நெல் அளந்தார் என்பது இருக்கிறது. எந்த வருடம் மழை பொய்த்துப் பாட்டம் குறைத்துக் கேட்டார் என்பதும் அதில் இருக்கலாம். அதை எந்தக் காப்பகத்திலும் நான் தேடித் தர முடியாது. எழுதிய கடனையே எரித்துவிட்டால், எழுதாக் கடனுக்கு அழுவது எப்படி?

எப்படிச் செய்வது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பெட்டிக்கு இரண்டு பேர்; ஒருவருக்குத் தமிழ் வர வேண்டும், ஒருவருக்கு மலையாளம் வர வேண்டும். பெட்டியை வீட்டை விட்டு வெளியே எடுக்கக் கூடாது. வீட்டாருக்கு முன்னால் திறக்க வேண்டும். இருக்கிற வரிசை மாறாமல் ஒவ்வொரு தாளுக்கும் பென்சிலால் தனித் துண்டில் எண் எழுதிச் செருகுங்கள். ஆவணத்தின் மேல் எழுதாதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ, முன்னும் பின்னும் போன் கேமராவில் படம் எடுங்கள். பின்பக்கத்தை மறக்கிறவர்கள்தான் அதிகம். கைமாறிய விவரம் அங்கேதான் இருக்கும். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள், தாள் கிழியும். செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ஓலைக்குத் தேங்காய் எண்ணெய் பூசுகிறார்கள். அது பிசுக்கேறிப் பூச்சியை அழைக்கும். மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி, தேர்ந்தவர் மேற்பார்வையில் புல்தைலம் தொட்டுத் துடைக்கலாம். ஓலை முறுகியிருந்தால் விரிக்க வேண்டாம், அப்படியே விட்டுவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கல்வெட்டு இருந்தால் கோயில் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள். மைப்படி எடுப்பதற்குத் தேர்ந்த ஆள் வேண்டும்: கல்லைத் தண்ணீரால் கழுவி, நனைந்த தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளத்தில் இறங்கும் வரை பிரஷ்ஷால் அடித்து, அரை ஈரத்தில் மை ஒற்ற வேண்டும். ஈரம் அதிகமானால் மை பள்ளத்துக்குள் ஓடி எழுத்தே மறைந்துவிடும். கம்பி பிரஷ் ஒருபோதும் கூடாது. பழகாத பிள்ளைகளுக்கு மாலை வெயில் சாய்ந்து விழும்போது எடுக்கும் படம் போதும்.

இதை எழுதுகிற மொழி பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்ப் பெட்டியைப் பார்த்த பிள்ளை அறிக்கையைத் தமிழில் எழுதித் தர முதல்வர் அவர்கள் இடம் தர வேண்டும். பாட்டச் சீட்டின் சொல்லை ஆங்கிலத்தில் மாற்றும்போது பாதி விஷயம் உதிர்ந்துபோகிறது. காணம், வெறும்பாட்டம், ஒற்றி என்ற மூன்று வகை நில ஒப்பந்தங்களின் வேறுபாடு ஆங்கிலத்தில் மங்கிவிடுகிறது. அவற்றின் பேரில் இருந்த சண்டைகள் வேறு வேறு.

நான்காம் ஆண்டு ஆராய்ச்சியோடு கூடிய ஆனர்ஸ் வேண்டுமானால் முதல் ஆறு பருவத்தில் 75 விழுக்காடு வேண்டும். அது முதல் பருவத்திலிருந்தே ஓடும் கணக்கு. வேலைவாய்ப்பைப் பற்றிச் செயலாளர் தனியாக ஒரு கூட்டம் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

மேசை மேல் ஒரு நீளநோட்டு இருக்கிறது. வீட்டுப் பெயர், வார்டு, பெட்டியில் தாளா ஓலையா, எந்த மொழி, பார்க்க வரலாமா என்று ஐந்து கட்டம் போட்டிருக்கிறது. வீட்டில் பெட்டி இருப்பவர்கள் எழுதிவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு இந்தப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை அந்தப் பெட்டியை மட்டும் யாரும் ஒழித்துவிட வேண்டாம். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.