நாராவில் மானைத் தாண்டி வாருங்கள்

வணக்கம் மக்களே. என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பவர் நாராவின் மான். மானுக்கென்றே விற்கும் அரிசித் தவிட்டு பிஸ்கட்டைக் கையில் எடுத்தால் தலை வணங்குகிறார். கொஞ்சம் தாமதித்தால் சட்டையைக் கவ்வி இழுக்கிறார். பலர் இதோடு கியோட்டோவுக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். எட்டாம் நூற்றாண்டில் ஜப்பானின் தலைநகராக இருந்த ஊரை மானோடு முடித்துக்கொள்வதா?

தோதாய்ஜி கோயிலுக்கு வாருங்கள். தெற்கு வாசலில் இருபுறமும் எட்டு மீட்டருக்கு மேல் உயரமான மரக் காவலர்கள். உன்கேய், காய்கேய் குழுவினர் 1203-இல் செதுக்கியவர்கள். மார்பின் தசைத் திரட்சியையும் முறுக்கேறிய கழுத்தையும் பாருங்கள், மரம் என்றே தோன்றாது.

உள்ளே சுமார் 15 மீட்டர் உயர வெண்கலப் புத்தர். மண்டபம் இரண்டு முறை போரில் எரிந்தது; இப்போதிருப்பது 1709-இல் முடிந்தது. இந்தச் சிலைக்கு 752-இல் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. நம் ஊர்ச் சிற்பிகள் சிலைக்குக் கண் திறப்பார்களே, அதே போன்ற சடங்குதான். அவர் பிடித்த தூரிகையில் நீண்ட நீலக் கயிறு ஒன்றைக் கட்டி, அதன் மறுபக்கத்தைக் கூடியிருந்தவர்கள் பற்றிக்கொண்டார்கள். கண்ணை எழுதியது ஒரு கை, புண்ணியம் எல்லோருக்கும்! எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

அந்தத் தூரிகையும் கயிறும் இன்னும் இருக்கின்றன. மண்டபத்துக்குப் பின்னால் வடக்கே நடந்தால், அவற்றைக் காத்துவந்த ஷோசோயின் என்ற மரக் களஞ்சியம். முக்கோண வெட்டு மரங்களை அடுக்கி, தூண்கள்மேல் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஷோமு பேரரசர் மறைந்தபின் 756-இல் அவருடைய பொருள்களைப் பேரரசி கோயிலுக்குக் காணிக்கையாக்கினார். அப்படிச் சேர்ந்தவற்றில் ஐந்து தந்தி வீணை ஒன்று உண்டு. ஒட்டகத்தில் அமர்ந்து இசைக்கும் ஒருவரை அதில் முத்துச்சிப்பியால் பதித்திருக்கிறார்கள். களஞ்சியத்தை வெளியே நின்றுதான் பார்க்க முடியும், அதுவும் வார நாட்களில். இங்கே கூட்டமே இல்லை, மான்கூட வரவில்லை.

நேரம் மிஞ்சினால் ஹோர்யூஜி கோயிலுக்கும் போய்வாருங்கள். உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய மரக் கட்டடங்கள் அங்கேதான்.

களஞ்சியப் பொருள்களில் சிலவற்றை இலையுதிர் காலத்தில் நாரா தேசிய அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கிறார்கள். ஆண்டுதோறும் பொருள்கள் மாறும். வீணைதான் வேண்டும் என்றால், அந்த ஆண்டின் பட்டியலைப் பார்த்துவிட்டு விமான டிக்கெட் எடுங்கள்.